கடல் கயாக்கில் ரேடியோவும் பாதுகாப்புக் கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் வாழும் தமிழர்களில் கடல் கயாக் ஓட்டப் பழகுவோர் மெல்லப் பெருகி வருகிறார்கள். ஏரியிலும் ஆற்றிலும் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டு கடலுக்கு வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சட்டம், உரிமம், அலைவரிசை எண்கள் ஆகியவை பிரிட்டிஷ் கடற்கரைக்கு உரியவை. இந்தியாவுக்கு இக்கருவிகளைக் கொண்டுசெல்ல நினைப்பவர்கள் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கைபேசி இருக்கும்போது தனியாக ரேடியோ எதற்கு?

கைபேசியில் நீங்கள் ஒருவரிடம் மட்டுமே பேச முடியும். வி.எச்.எஃப். எனப்படும் மிகை அதிர்வெண்ணில் இயங்கும் கடல்சார் ரேடியோவில், அபாய அழைப்புக்கென உள்ள சேனல் 16இல் பேசினால், கடலோரக் காவல் அமைப்பு மட்டுமல்லாமல், சுற்றுவட்டாரத்தில் அந்தச் சேனலைத் திறந்து வைத்திருக்கும் மீன்பிடிப் படகு, பாய்மரப் படகு, பயணிகள் கப்பல் என அனைவருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். உங்களுக்கு மிக அருகில் இருக்கும் உதவி பெரும்பாலும் அந்த மீன்பிடிப் படகுதான். அதன் தொலைபேசி எண் உங்களிடம் இருக்க வாய்ப்பே இல்லை.

ஈரக் கையால் தொடுதிரையை இயக்குவதும் கடினம், நீர்புகா உறைக்குள் இருந்தால் இன்னும் கடினம். வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைக்கரைகளின் அடிவாரத்தில் கைபேசிக் கோபுரத்தின் அலை எட்டாத இடங்களும் நிறைய உண்டு. இருந்தாலும் கைபேசியையும் கொண்டுசெல்லுங்கள். 999 அல்லது 112ஐ அழைத்து, கடலோரக் காவல் வேண்டும் என்று கேட்கலாம். பேச முடியாத அளவுக்கு அலை பலவீனமாக இருக்கும்போது 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். 999க்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலைப் பின்பற்றினால் பதிவு முடிந்துவிடும். இதை இன்றே செய்துவிடலாம்.

கையடக்க ரேடியோ எவ்வளவு தொலைவு எட்டும்?

வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். ஆகவே வாட் எண்ணிக்கையை விட ஆன்டெனாவின் உயரமே முக்கியம். கையடக்கக் கருவிகளின் உச்சத் திறன் பொதுவாக 5 அல்லது 6 வாட். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.25ஆல் பெருக்கினால், அதன் அடிவானம் எத்தனை கடல் மைலில் இருக்கிறது என்பது தோராயமாகத் தெரியும். இரு முனைகளின் தொலைவையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் ஆன்டெனா ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் அவர் பங்கு 2.25 கடல் மைல். இன்னொரு கயாக்குடன் பேசும்போது கணக்குப்படி நான்கரை மைல் வரும். அலை எழும்பியிருக்கும் நாளில் அதில் பாதி கிடைத்தால் போதும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 100 மீட்டர் உயரக் குன்றின்மேல் நிற்கும் கடலோரக் காவல் கோபுரத்துடன் பேசும்போதோ, கோபுரத்தின் பங்கு மட்டுமே 22 மைலுக்கு மேல். அதனால்தான் பக்கத்து விரிகுடாவில் இருக்கும் நண்பருக்குக் கேட்காத குரல் தொலைவிலுள்ள கடலோரக் காவல் நிலையத்துக்குத் தெளிவாகக் கேட்கிறது.

நீரில் விழுந்து மிதப்பவரின் ஆன்டெனா கால் மீட்டர் உயரத்தில் இருந்தால் அவர் பங்கு பாதியாகக் குறைந்துவிடும். செங்குத்துப் பாறையின் நிழலில் ஒதுங்கியிருப்பவருக்கு ஒன்றுமே கேட்காமலும் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் அழைப்புக்குப் பதில் வராவிட்டால், நிலைமை இடம் கொடுத்தால், பாறையை விட்டுச் சற்று வெளியே துடுப்புப் போட்டு வந்து மீண்டும் அழைக்க வேண்டும்.

எப்படிப்பட்ட ரேடியோ வாங்குவது?

நீர்புகாத் தரம் ஐ.பி.எக்ஸ். 7ஆவது இருக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். தண்ணீரில் மிதக்கும் கருவியாக இருந்தால் நல்லது. கைக்குக் கொஞ்சம் பெரிதாக, பித்தான்கள் தடிப்பாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கடையில் வெறுங்கையால் அழுத்திப் பார்க்காமல், குளிர்காலக் கையுறையைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டு அழுத்திப் பாருங்கள்.

பணம் இடம் கொடுத்தால் டி.எஸ்.சி. என்னும் தானியங்கி அபாய அழைப்பு வசதி, ஜி.பி.எஸ். இரண்டும் உள்ள கருவியையே வாங்கச் சொல்வேன். மூடிக்குக் கீழே இருக்கும் சிவப்புப் பித்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், சேனல் 70 வழியாக உங்கள் அடையாள எண்ணும் இருப்பிடமும் தானாகவே செல்லும். பேச்சு குழறும் அளவுக்குக் குளிரில் நடுங்குபவருக்கு இது பெரிய துணை. ஆனால் எம்.எம்.எஸ்.ஐ. எனப்படும் ஒன்பது இலக்க அடையாள எண்ணைக் கருவியில் பதியும் வரை அந்தப் பித்தானால் பயன் இல்லை. பல கருவிகளில் இந்த எண்ணை ஓரிரு முறைக்கு மேல் பதிய முடியாது என்பதால், அவசரமின்றி மேசைமேல் வைத்து, இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்துப் பதியுங்கள். ஜி.பி.எஸ். இருப்பிடத்தைப் பிடிக்கச் சிறிது நேரம் எடுக்கும். ஆகவே கரையை விட்டுக் கிளம்பும் முன்பே கருவியை இயக்கி, திரையில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வந்துவிட்டனவா என்று பார்த்துவிட வேண்டும்.

உரிமம் வேண்டுமா?

இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று கருவிக்கு, மற்றொன்று ஆளுக்கு. கையடக்க ரேடியோவுக்கான உரிமத்தைத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. எம்.எம்.எஸ்.ஐ. எண்ணையும் அப்போதே பெறலாம். பத்து ஆண்டுகளுக்குள் ஒரு முறையாவது விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். ஆளுக்கான எஸ்.ஆர்.சி. என்னும் ரேடியோ இயக்கச் சான்றிதழுக்கு, பிரிட்டிஷ் படகோட்டச் சங்கமான ஆர்.ஒய்.ஏ.வின் வழியே ஒரு நாள் பயிற்சியும் தேர்வும் உண்டு. உயிராபத்து நேரத்தில் சான்றிதழ் இல்லாதவரும் ரேடியோவைப் பயன்படுத்தலாம். அதைச் சாக்காக வைத்துப் பயிற்சியைத் தவிர்ப்பவர்களை எனக்குத் தெரியும்; அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்தப் பயிற்சியில் கிடைப்பது காகிதம் மட்டுமல்ல, பதற்றத்திலும் வாயிலிருந்து ஒழுங்காகச் சொல் வரும் பழக்கமும் கூடவே கிடைக்கிறது.

ரேடியோவை எங்கே வைத்துக்கொள்வது?

உடம்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். படகின் பின்னறையில் நீர்புகாப் பைக்குள் பத்திரமாக இருக்கும் ரேடியோ, படகு இருக்கும் வரைதான் உங்களுடையது. கயாக் கவிழ்ந்து, காற்று அதை உங்கள் கைக்கு எட்டாத தொலைவுக்குத் தள்ளிவிட்டால், ரேடியோவும் அதனுடனே போய்விடும். உதவி மிக அவசரமாகத் தேவைப்படும் நேரமும் சரியாக அதுதான். காலியான கயாக்கைக் காற்று தள்ளும் வேகத்துக்கு நீந்தி ஈடுகொடுப்பது அரிது.

மிதவை அங்கியின் முன்பையில், ஆன்டெனா மேல்நோக்கி இருக்கும்படி, இடக்கை வலக்கை எதனாலும் எடுக்க முடிகிற இடத்தில் வையுங்கள். மீண்டும் படகில் ஏறும்போது மார்பு படகின் மேல்தளத்தில் அழுந்தி உராயும். அப்போது நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா முகத்தில் குத்துகிறதா, பித்தான் தானாக அழுந்துகிறதா என்பதை நீச்சல் குளத்திலோ ஆழமற்ற நீரிலோ பழகிப் பார்க்க வேண்டும். ரேடியோவை அங்கியுடன் இணைக்கும் கயிறு வாய்வரை எட்டும் நீளமே இருக்கட்டும். அதற்கு மேல் நீண்டால் துடுப்பிலும் கழுத்திலும் சிக்கும்.

ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையின் ஜிப்பைத் திறந்து, ரேடியோவை எடுத்து, பூட்டியிருக்கும் பித்தான்களை விடுவித்து, சேனல் 16க்கு வந்து பேச உங்களால் முடியுமா? விரல்கள் மரத்துப்போன நிலையில் ஜிப்பின் சிறு நாக்கு பிடிபடாது. அதில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு நாடாவைக் கட்டிவிடுங்கள்.

அபாய அழைப்பை எப்படிச் சொல்வது?

உயிருக்கோ படகுக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருந்தால் மேடே. துடுப்பு உடைந்தது, ஒருவர் களைத்துவிட்டார், தோள்பட்டை விலகிவிட்டது, ஆனால் எல்லோரும் படகில் நிலையாக இருக்கிறார்கள் என்றால் பான்-பான். களைத்தவர் இன்னும் அரை மணியில் கவிழக்கூடும் என்று தோன்றினால், பான்-பான் அழைப்பை இப்போதே கொடுத்துவிட வேண்டும். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்கிக் காத்திருப்பதுதான் நம்மவர்களிடம் நான் பார்க்கும் குறை. நிலைமை கைமீறும் முன்பே சொல்பவர்களுக்கு உதவுவது காவல் அமைப்புக்கும் எளிது.

அழைப்பு ஆங்கிலத்தில், ஒரே ஒழுங்கில் போக வேண்டும். படகின் பெயர் ‘முத்து’ என்று வைத்துக்கொண்டால், சேனல் 16இல், உச்சத் திறனில், இப்படி:

“மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் கயாக் முத்து, முத்து, முத்து. மேடே, கயாக் முத்து. மை பொசிஷன் இஸ் ஹாஃப் எ மைல் சவுத்-வெஸ்ட் ஆஃப் சவுத் ஸ்டாக் லைட்ஹவுஸ். ஒன் பர்சன் இன் தி வாட்டர், அனேபிள் டு ரீ-என்டர். ரிக்வயர் இமீடியட் அசிஸ்டன்ஸ். டூ பர்சன்ஸ் இன் டோட்டல். டூ எல்லோ கயாக்ஸ். ஓவர்.”

பெயருக்குப் பின் அழைப்புக் குறியோ எம்.எம்.எஸ்.ஐ. எண்ணோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இருப்பிடத்தை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. பேட்டரி பாதியில் தீர்ந்தாலும், அலை உங்களைக் கவிழ்த்தாலும், எங்கே தேடுவது என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பேச்சுப் பித்தானை அழுத்தி, ஒரு கணம் பொறுத்துப் பேசத் தொடங்குங்கள், பேசி முடித்த பிறகே விடுங்கள். ஓவர் சொன்னதும் விரலை எடுத்தால்தான் பதில் கேட்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி, ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடித்து, கத்தாமல் நிதானமாகப் பேச வேண்டும்.

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலேயர் காது எளிதில் பிடிக்காது. ஆகவே படகுக்குச் சிறிய பெயர் வைத்து, அதை ஒலிப்பு நெடுங்கணக்கில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். முத்து என்பதற்கு மைக், யூனிஃபார்ம், டாங்கோ, ஹோட்டல், யூனிஃபார்ம். உங்கள் குடும்பப் பெயருக்கும் இதைச் செய்து, அழைப்பு வரிசையுடன் சேர்த்து நீர்புகா அட்டையில் எழுதி மேல்தளத்தில் ஒட்டிவிடுங்கள்.

ரேடியோ வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சேனல் 16ஐச் சோதனைக்குப் பயன்படுத்தி அடைக்க வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ் கரைகளில் என்.சி.ஐ. எனப்படும் தன்னார்வக் கண்காணிப்பு நிலையங்கள் சேனல் 65இல் சோதனை அழைப்புக்குப் பதிலளிப்பார்கள். மூடப்பட்ட கடலோரக் காவல் நிலையத்துக்குக் கீழேயே மீனவர்கள் மூழ்கி இறந்த துயரத்தை அடுத்து, 1994இல் கார்ன்வாலில் உள்ள பாஸ் பாயின்ட்டில் தொடங்கிய அமைப்பு அது. பகலெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர்கள் உங்கள் அழைப்பை வரவேற்கவே செய்வார்கள். முதன்முறை மைக் முன்னால் ஏற்படும் கூச்சமும் அங்கேயே கழிந்துவிடும்.

குழுவாகப் போகும்போது ஒரு ரேடியோ போதாதா?

போதாது. ரேடியோ வைத்திருக்கும் தலைவரே நீரில் விழுந்தால் என்ன செய்வது? குறைந்தது இருவரிடமாவது இருக்க வேண்டும். ஒருவர் முன்னாலும் ஒருவர் கடைசியிலும் போக வேண்டும். தமக்குள் பேசச் சேனல் 6, 8, 72, 77 ஆகியவற்றில் ஒன்றை 1 வாட்டில் பயன்படுத்தி, இரட்டைக் கண்காணிப்பு வசதியால் 16ஐயும் கேட்டுக்கொண்டிருக்கலாம். சவுத்தாம்ப்டன் போன்ற துறைமுகங்களுக்கு அருகே போனால் கப்பல் போக்குவரத்து நிலையத்தின் சேனலையும் கேளுங்கள். அங்கே அது 12. பெருங்கப்பலின் மேல்தளத்திலிருந்து கயாக் கண்ணுக்குத் தெரியாது, ரேடாரிலும் படுவது அரிது.

பி.எல்.பி. இருந்தால் ரேடியோ தேவையில்லைதானே?

இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. பி.எல்.பி. என்னும் தனிநபர் அபாயக் குறிகருவி 406 மெகாஹெர்ட்ஸில் கோஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டு மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்குச் செய்தி அனுப்பும். கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு குறியொலியை எழுப்பி, தேடி வரும் ஹெலிகாப்டரை அருகே அழைக்கும். குறைந்தது 24 மணி நேரம் இயங்கும். குன்று மறைத்தாலும் வானம் தெரிந்தால் போதும். ஆனால் அதில் பேச முடியாது. என்ன நடந்தது, எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. அரை மைலில் நிற்கும் மீன்பிடிப் படகுக்கும் பொதுவாகத் தெரியாது.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், இங்கிலாந்தின் தென்கரை போல் படகு நடமாட்டம் மிகுந்த இடத்தில் ரேடியோவே என் தேர்வு. ஸ்காட்லாந்தின் வடமேற்கில் தனியாகப் போகிறவருக்குப் பி.எல்.பி.யை முதலில் சொல்வேன். வாங்கியதும் பதிவு செய்ய வேண்டும். பிரிட்டனில் அது கட்டாயம், கட்டணம் இல்லை. பதிவில் கொடுக்கும் அவசரத் தொடர்பு எண் இங்கே இருப்பவருடையதாக, உங்கள் பயணத் திட்டம் தெரிந்தவருடையதாக இருக்கட்டும். நள்ளிரவில் யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருக்கும் அம்மாவுக்குக் கடலோரக் காவல் அமைப்பிலிருந்து அழைப்பு போனால் அவர் என்ன சொல்ல முடியும்?

மிதவை அங்கியா, ஊதிப் பெருகும் உயிர்காப்பு அங்கியா?

கயாக்குக்கு 50 நியூட்டன் மிதவை அங்கிதான். 150 நியூட்டன் உயிர்காப்பு அங்கி நினைவிழந்தவரை மல்லாக்கத் திருப்பி முகத்தை நீருக்கு மேலே வைக்கும் என்பது உண்மை. ஆனால் ஊதியபின் கழுத்தையும் மார்பையும் அடைத்துக்கொள்வதால், நீந்தவோ படகின்மேல் ஏறவோ விடாது. கயாக் ஓட்டுபவரின் முதல் மீட்பு, தானே மீண்டும் படகில் ஏறுவதுதான். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அங்கி காதுவரை ஏறுகிறது என்றால் அது தளர்வாக இருக்கிறது, பட்டைகளை இறுக்க வேண்டும்.

வெயில் அடிக்கும் நாளில் குளிருடை எதற்கு?

பிரிட்டன், அயர்லாந்து கரைகளில் கடல்நீரின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 12 டிகிரி. 15 டிகிரிக்குக் கீழே நீரில் விழுந்தவுடன் மூச்சு திணறும், கட்டுப்பாடின்றி இழுக்கும். இந்தக் குளிரதிர்ச்சியின் முதல் நிமிடத்தில் தண்ணீரை உள்ளிழுத்து மூழ்குபவர்கள் உண்டு. முதல் நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர, அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்க, அதன்பின் ஒரு மணி நேரம் நினைவு தப்பும் வரை என்பது மீட்புப் பயிற்சிகளில் சொல்லித்தரும் தோராயக் கணக்கு. ரேடியோவை எடுத்துப் பேசக்கூடிய காலம் அந்தப் பத்து நிமிடம்தான். மே மாத வெயிலைப் பார்த்துச் சட்டையோடு கிளம்பாமல், நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப வெட்சூட் (உடலோடு ஒட்டிய ரப்பர் உடை) அல்லது டிரைசூட் (நீர்புகா முழுவுடை) அணிய வேண்டும்.

வேறு என்னென்ன வேண்டும்?

மிதவை அங்கியில் விசில், சிறு கத்தி. கைக்கெட்டும் மேல்தளத்தில் நீரிறைக்கும் கைப்பம்பு, உதிரித் துடுப்பு, திசைகாட்டி, கடல் வரைபடம். இடுப்பில் இழுவைக்கயிறு. இருக்கைத் துளையை மூடும் ஸ்பிரே டெக் இல்லாமல் திறந்த கடலுக்குப் போகவே கூடாது. அறைக்குள் மாற்றுடை, முதலுதவி, தலைவிளக்கு, உணவு, குழுவாக உள்ளே புகுந்துகொள்ளும் காற்றுமறைப்புக் கூடாரம். கையில் பிடிக்கும் சிவப்புச் சுடர் ஹெலிகாப்டருக்கு உங்களைக் காட்ட உதவும், ஆனால் அதற்குக் காலாவதித் தேதி உண்டு, காலாவதியானதைக் குப்பையில் போடவும் முடியாது.

இதெல்லாம் மிகையான பயம் இல்லையா?

1993 மார்ச் 22 அன்று, பிளிமத்தைச் சேர்ந்த எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்றுநர்கள் லைம் ரீஜிஸ் துறைமுகத்திலிருந்து சார்மத் வரை, கரையோரமாக இரண்டு மைல் அளவே போகக் கிளம்பினார்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசிய காற்று அவர்களை வெளியே தள்ளியது. ஸ்பிரே டெக் இல்லாத படகுகளில் தண்ணீர் நிறைந்தது. அவர்களிடம் ரேடியோ இல்லை, சுடர் இல்லை. வரவேண்டிய நேரம் கடந்தும் கடலோரக் காவல் அமைப்புக்குச் செய்தி போகப் பல மணி நேரம் ஆனது. மார்ச் மாதம் கடல் ஆண்டிலேயே மிகக் குளிர்ந்திருக்கும் காலம். நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பயிற்சி நிறுவனத்தின்மீது குற்றம் உறுதியானது. இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றது அதுவே முதல் முறை. இளையோருக்கான சாகசப் பயிற்சி மையங்களை முறைப்படுத்தும் சட்டம் 1995இல் வந்தது. இரண்டு மைல்தானே என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் கரையோரத்து நீர் தட்டையாக, அமைதியாகத் தெரியும். சற்று வெளியே போன பிறகுதான் அலை எழும்.

கரையில் இருப்பவரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது?

கிளம்பும் இடம், சேரும் இடம், எத்தனை பேர், படகுகளின் நிறம், திரும்பும் நேரம், எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் 999ஐ அழைக்க வேண்டும் என்பது ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். கரை சேர்ந்ததும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

ரேடியோவை எப்படிப் பராமரிப்பது?

ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி, பேட்டரியைக் கழற்றி, இணைப்புத் தகடுகளில் பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று பார்த்து, உலர்த்திய பிறகே மூட வேண்டும். ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் நீர் புகும். ஒலிபெருக்கித் துளைகளில் நீர் நின்றால் குரல் அமுங்கிக் கேட்கும், தலைகீழாக உதறினால் சரியாகும்.

ஊருக்குப் போகும்போது இவற்றை எடுத்துச் செல்லலாமா?

இந்தியாவுக்கு வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியையோ, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியையோ கொண்டுசெல்வது அங்கே சட்டவிரோதம். விமான நிலையத்தில் கைதான பயணிகள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் அரசின் பயண அறிவுரையும் இதை எச்சரிக்கிறது. வி.எச்.எஃப். ரேடியோவுக்கும் அங்கே உரிமம் வேண்டும், ஆஃப்காம் தந்த உரிமம் செல்லாது. தமிழ்நாட்டுக் கரையில் கயாக் ஓட்ட விரும்பினால், உள்ளூர்ப் பயிற்சி நிலையத்துடன், அவர்களின் துணைப்படகுடன் போங்கள். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருவதால், அனுமதியின்றி அவற்றில் இறங்க முடியாது. இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. கிளம்பும் முன் இரண்டையும் கைபேசியில் பதிந்து, கைபேசியை நீர்புகா உறையில் இட்டு அங்கியின் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.